ஒரு தடவை அழுத்தினால்

பட்டாபிராமனின் கை நடுங்குவதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு சாசர். புனே கேம்ப்பில் ராணுவக் கணக்கு ஆபீசில் அவருக்கு வேலை. ஒருநாள் மதியம் டீ வந்தது. சாசரோடு தூக்கினார். கப் கலகலவென்று அடித்துக்கொண்டது. டீ கொண்டுவந்த பியூன், "ரொம்பச் சூடா, சாஹேப்?" என்று மராத்தியில் கேட்டான். ஆமாம் என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகச் சொன்னார். மனைவி சாவித்ரியும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவருக்குக் காபி பெரிய டம்ளரில் பாதி அளவுக்கு வந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

சாவித்ரி திருச்சிக்காரி. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, எண்பத்தாறில் கல்யாணமாகி புனேவுக்கு வந்தாள். மகள் ஸ்நேஹா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், போசரியில் எலெக்ட்ரானிக் தராசு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். தகரக் கூரை போட்ட ஷெட். தயாரான தராசுகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அங்கே ஒரு தராசு எல்லாரையும் படுத்திவைத்தது. சும்மா இருந்தால் ஒழுங்காக நிற்கும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எண்கள் தாவும். பேய் பிடித்த தராசு என்று ஷெட்டில் அதற்கு ஊதுபத்தி காட்டினார்கள். சாவித்ரி அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே ஒரு கறுப்பு சிப். பூரானுக்கு இருப்பது மாதிரி இரண்டு பக்கமும் கால்கள். ஒவ்வொரு காலிலும் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு காலை மட்டும் எதனோடும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டிருந்தார்கள். இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. பக்கத்தில் வருகிற கைக்கெல்லாம் அது தலையாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலை மேல்பக்கமாக, அதாவது மின்சாரம் இருக்கிற பக்கமாக, மெல்ல இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். பேய் இறங்கிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "ஒரு காலை யாராவது பிடிச்சுண்டே இருக்கணும். இல்லேன்னா அது யார் கூப்பிட்டாலும் போயிடறது."

"என் காலை நீ பிடிச்சுண்டிருக்கிற மாதிரியா?"

"பிடிக்கலை. வாரிண்டிருக்கேன்" என்றாள் சாவித்ரி.

இரண்டாயிரத்து மூன்றில் ஹிஞ்ஜவடியில் ஒரு கம்பெனிக்கு மாறினாள். லிஃப்ட், டிக்கெட் மெஷின், பால் பதப்படுத்துகிற மெஷின் இவற்றுக்குள்ளே வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளை அங்கே செய்தார்கள். சிப்புகளுக்கு இப்போது நூற்றுக்கணக்கில் கால்கள். ஆபீசில் பின் என்பார்கள். சாவித்ரிக்கு அவை கால்கள்தான். ரெசிஸ்டரைப் பற்றவைக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. அது சிப்புக்குள்ளேயே இருந்தது. மேலே இழு, கீழே இழு, இவ்வளவு பலத்தோடு தள்ளு என்று கர்னல் சொன்னால் போதும். மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு சிப்போடு நேராகப் பேசுகிற பகுதிக்குக் கர்னல் என்று பெயர்.

தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பாஷை பேசியது. மேலே இழு என்பதற்கு ஒரு சிப்பில் ஒன்று என்று எழுத வேண்டும், இன்னொன்றில் மூன்று என்று எழுத வேண்டும், வேறொன்று எத்தனை ஓம் ரெசிஸ்டர் என்று திருப்பிக் கேட்கும். போர்டு மாறுகிறபோதெல்லாம் கர்னலில் அந்தப் பகுதியை முதலிலிருந்து எழுதினார்கள். அதே தப்பைப் புதிதாகச் செய்தார்கள். எல்லாச் சிப்புக்கும் சேர்த்துப் பொதுவான பெயர்கள் வைத்துவிடலாம், போர்டு செய்கிறவர் தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பெயர்களில் சொல்லட்டும், அதை அந்தந்தச் சிப்பின் பாஷைக்கு மாற்றுவது கர்னலின் வேலையாக இருக்கட்டும் என்று சாவித்ரிதான் முதலில் சொன்னாள். சொன்னவள் தலையிலேயே அது விழுந்தது. இரண்டாயிரத்து ஐந்து முழுக்க அதுதான் அவள் வேலை.

அந்த வருஷத்தில்தான் பட்டாபிராமன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். நடுக்கம் வலது கையிலிருந்து இடது கைக்கு வந்திருந்தது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டபின் கொஞ்ச நேரம் நன்றாக இருப்பார். பேப்பர் படிப்பார், நாலு வார்த்தை பேசுவார். பதினொரு மணிக்குமேல் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடும். தனியாக எழுந்திருக்கப் போய் ஒரு தடவை பாத்ரூம் வாசலில் விழுந்து புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது. ஸ்நேஹா நாக்பூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். சாவித்ரியின் கம்பெனி பஸ் அவர்கள் வீடு இருந்த வானவடியிலிருந்து ஊருக்கு அந்தப் பக்கம், வாகட் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள்.

"ஏன்னா, நான் வேலையை விட்டுடறேன்" என்றாள்.

"விட்டுட்டு?"

"உங்களைப் பாத்துக்கறேன்."

"நாள் முழுக்க நீ என்னைப் பாத்துண்டு உக்காந்திருக்கிறதை நான் பாத்துண்டு உக்காந்திருக்கணும். நன்னாயிருக்கும்." பிறகு கேட்டார்: "அந்தக் காலெல்லாம் யார் பிடிச்சுப்பா?"

வழி சொன்னது எதிர் ஃப்ளாட் பாத்திமா. மேலப்பாளையத்துப் பெண். வீட்டுக்காரர் கவுஸ் கேம்ப்பில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். பாத்திமா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு அந்தக் கட்டடத்துக்கும் பக்கத்து ராணுவக் குடியிருப்புக்கும் ரவிக்கை, ஃப்ராக் எல்லாம் தைத்துக்கொடுத்தாள். "ஏங்கா கெடந்து அல்லாடுதிய? நான் இங்கனதான இருக்கேன்? சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. மத்தியானம் சாப்பாடு நான் எடுத்து வைக்கேன். நடுவுல என்னமும் வேணும்னா அண்ணே ஒரு பெல்ல அமுக்கட்டும். ஓடி வந்துட்டுப் போறேன்."

கம்பெனி பஸ் வந்து நிற்கிற நாற்சந்தி இருப்பது பாத்திமா நகரில். "ஏரியாவையே உன் பேர்ல எழுதி வச்சிருக்கா. உனக்கென்ன தலையெழுத்து, எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க?" என்றார் பட்டாபிராமன்.

"வாடகை ஒரு பயலும் தரலியே அண்ணே" என்றாள் பாத்திமா.

முதலில் சாதாரணக் காலிங் பெல்லைத்தான் மாட்டினார்கள். பட்டன் அவருடைய நாற்காலியின் கைப்பிடியில், மணி பாத்திமா வீட்டில் மெஷினுக்கு மேலே. ஒரு தடவை அடித்தால் ஏதோ வேண்டும், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வரலாம். மூன்று தடவை அடித்தால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் நாளே பாத்திமா கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக ஓடி வந்தாள். பட்டாபிராமன் நாற்காலியில் சாய்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டூசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன அண்ணே! என்ன ஆச்சு?"

"தண்ணி."

"ஒரு வாய் தண்ணிக்கா மூணு பெல்லு? நான் செத்தே போயிட்டேன்."

"நான் ஒண்ணுதாம்மா அழுத்தினேன்." வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார். "பாக்கியெல்லாம் இது அழுத்தித்து."

பட்டன்மேல் வைத்த விரல் ஆடுகிறது. ஆடுகிறபோதெல்லாம் பட்டன் விட்டு விட்டுப் படுகிறது. ஒரு தடவை அழுத்தினால் நாலைந்து தடவை மணி அடிக்கிறது. ஒரு வாரத்துக்கு பாத்திமா ஒவ்வொரு மணிக்கும் ஓடினாள். "ஓடுறதப் பத்தி ஒண்ணுமில்லக்கா" என்று சாவித்ரியிடம் சொன்னாள். "ஆனா பழகிப்போயிரும். பழகிப்போச்சுன்னா, நெசமாவே ஒண்ணு ஆகுத அன்னைக்கு மெதுவா வருவேன். அதான் பயமாருக்கு."

சாவித்ரிக்கும் அதுதான் பயம். ஆபீசில் கழித்துப்போட்ட போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். பட்டனுக்கும் மணிக்கும் நடுவில் அதை வைத்தாள். அதில் ஓடியதும் அவள் எழுதிக்கொண்டிருந்த கர்னல்தான். இப்போது பட்டனைப் பார்ப்பது சிப்பின் ஒரு கால். எதை அழுத்தல் என்று எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்தக் காலுக்குச் சொல்லிவைக்க முடியும். பட்டன் இத்தனை மில்லி செகண்டு ஆடாமல் நின்றால் மட்டும் நம்பு, ஆடினால் முதலிலிருந்து எண்ணு. டீபவுன்ஸ் என்று அதற்குப் பெயர். எந்தப் பட்டனுக்கும் உள்ளே இருக்கிற உலோகம் அழுத்தும்போது ஒரு கணம் அதிரும். அதற்காகச் சில சிப்புகளில் இந்த வசதியை வைத்திருந்தார்கள்.

அவளுடைய பொதுப் பெயர்களில் இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் ஆபீசில் அப்போது சண்டை. அனிருத் அவளுக்கு டீம் லீடர். அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவன். அப்பா அம்மா சேலம், இவன் பிறந்து வளர்ந்தது புனே. தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருதரம் நின்று வழி கேட்டுக்கொண்டு போவதுபோல் பேசுவான்.

"மேடம், லிஸ்ட் சின்னதா இருக்கணும், இல்லையா. எல்லாத்தையும் பொதுன்னு சொன்னா அப்புறம் பொதுவுக்கு என்ன... அது என்ன சொல்வாங்க... மதிப்பு இல்ல."

"பட்டன் இல்லாத மெஷின் ஒண்ணு காட்டு, அனிருத். எடுத்துடறேன்."

"சரி, டீபவுன்ஸ் இருக்கட்டும். ஆனா மேக்ஸிமம் ஏன் முந்நூறு மில்லி செகண்டு? பட்டன் ஆடறது பத்து, இருபது. ஐம்பதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கறவா இருப்பா."

"யாரு?"

சாவித்ரி முந்நூறுதான் வேண்டும் என்று ஒரு மாதம் விடாமல் நின்றாள். அனிருத் சலித்துப்போய் ஒத்துக்கொண்டான். அந்த ஒரு மாதத்தில் அவன் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தவில்லை என்பதை அவள் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தாள்.

அந்தச் சண்டை முடியக் காத்திராமல் வீட்டுப் போர்டில் இருநூறு என்று வைத்தாள். தன் விரலை வேண்டுமென்றே நடுக்கி நடுக்கிப் பட்டனை அழுத்திப் பார்த்தாள். எதிர் வீட்டில் ஒரே ஒரு மணி, கணீரென்று. பாத்திமா அங்கிருந்தே கத்தினாள், "ஒண்ணுதான்க்கா! ஒண்ணே ஒண்ணு!"

அதன்பிறகு பாத்திமா ஓடவில்லை. சாவித்ரி ஆபீசிலிருந்து மத்தியானம் போன் செய்து கேட்பாள். "ஒரு தொந்தரவும் இல்லக்கா. அண்ணே பாட்டுக்கு இருக்காங்க. பெல்லே அடிக்கல." சாவித்ரிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பஸ்ஸில் தூங்க ஆரம்பித்தாள். ஒருநாள் தூங்கிக்கொண்டே பாத்திமா நகரைத் தாண்டிப் போய், ரிக்‌ஷா பிடித்துத் திரும்பி வந்தாள். அதைப் பட்டாபிராமனிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார்.

ஏப்ரல் மாதம். புனேயின் வெயிலில் ஈரம் கிடையாது. துணி காய்கிற மாதிரி மனுஷனும் காய்ந்துபோவான். சனிக்கிழமை. சாவித்ரிக்கு லீவு. காலையில் அவருக்கு முகம் மழிக்கும்போது கீழ் உதட்டில் வெடிப்பைப் பார்த்தாள். பிளேடு பட்டுவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். பிளேடு இல்லை. தோல் பாளம் பாளமாக உலர்ந்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னாள். அவர் நீட்டவில்லை.

"தண்ணி குடிக்கறேளா இல்லையா?"

"குடிக்கறேன்."

"எப்போ?"

"மத்தியானம் மாத்திரைக்கு. பாத்திமா தராளே."

"அப்புறம்?"

"தாகம் எடுக்கலை."

அவள் கையிலிருந்த டவலைக் கீழே வைத்தாள். எதிர் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கதவும் திறந்திருந்ததால் பக்கத்தில் ஓடுவதுபோலக் கேட்டது.

"பெல்லை அழுத்துங்கோ."

"இப்போ என்னத்துக்கு அவளைத் தொந்தரவு பண்ணிண்டு?"

"அழுத்துங்கோன்னா."

அவர் விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோனார். அதற்கே சற்று நேரமாயிற்று. அழுத்தினார். விரல் பட்டன்மேல் தாளம் போட்டது. மணி அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். இடது கையை எடுத்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. நாற்காலியின் கைப்பிடி கிடுகிடுத்தது. எதிர் வீட்டில் மெஷின் நிற்கவில்லை. ஒரு நீளத் தையல் முடிந்து, துணியைத் திருப்பிப் போட்டு, அடுத்தது தொடங்கியது.

"போறும்" என்றாள் சாவித்ரி.

அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"அன்னிலேருந்து ஒருதரம்கூட அடிக்கலையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போகணும்னா அவளைக் கூப்பிடணும். அதனாலதானே குடிக்கலை? பெல் அடிக்கலேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா?"

"பெல் அடிக்கலேன்னு நான் நினைக்கலையே." அவருக்கு வார்த்தைகள் மெல்லத்தான் வந்தன. "நான் அழுத்தறது போறலைன்னு நினைச்சேன். நீ பண்ணினது. அது தப்பா இருக்குமா?"

சாவித்ரி சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு பெரிய டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து வந்து அவர் வாயில் வைத்தாள். குடித்தார். இன்னும் பாதி எடுத்து வந்தாள். அதையும் குடித்தார்.

"வேலையை விட்டுடப் போறே" என்றார்.

"தெரியலை."

"அதனாலயும்தான் சொல்லலை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அனிருத் தன் காரில் ஒரு ஆஸிலாஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு வானவடிக்கு வந்தான். மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகப் போட்டுக் காட்டுகிற கருவி. சாவித்ரி போனில் அதை ஒருநாளைக்குக் கேட்டிருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டபோது வீட்டு பெல் சரியாக வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னாள். அவனே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். வாசலில் நின்றபோது நாற்காலியில் இருந்த பட்டாபிராமனைப் பார்த்தான், அவர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தான். ஆபீசில் மேடம் என்று கூப்பிடுகிறவனுக்கு அங்கே அந்த வார்த்தை வரவில்லை.

"ஆன்ட்டி, இதை எங்க வைக்கட்டும்?"

பிரம்பு மோடாவை நகர்த்தி அதன்மேல் வைத்தார்கள். பட்டனிலிருந்து வருகிற கம்பியில் கருவியை மாட்டினாள். "அழுத்துங்கோ" என்றாள்.

அவர் அழுத்தினார். திரையில் கோடு கீழே விழுந்தது, எழுந்தது, விழுந்தது, எழுந்தது. சாவித்ரி அதை அப்படியே நிறுத்திவைத்தாள். வரிசையாகப் பற்கள், ஒன்று அகலம், ஒன்று ஒல்லி.

"இதான் நானா?" என்றார் பட்டாபிராமன்.

"இதான்."

"சீப்பு மாதிரின்னா இருக்கேன்."

இன்னொரு தடவை அழுத்தினார். இன்னொரு சீப்பு. அனிருத் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அளந்தான். தொண்ணூறு, நூற்றுப்பத்து, எண்பது. இருநூறு மில்லி செகண்டு ஆடாமல் நின்ற பல் ஒன்றுகூட இல்லை. அன்று சோதித்தபோது சாவித்ரியின் விரல் வேண்டுமென்றே நடுங்கிவிட்டு, கடைசியில் தன்னையறியாமல் பட்டன்மேல் உட்கார்ந்துவிட்டது. இவருடைய விரல் உட்காருவதே இல்லை.

"இருநூறுன்னா ஒண்ணுமே கேக்காது. ஐம்பதுன்னா ஒவ்வொரு பல்லும் ஒரு மணி. நடுவுல எந்த நம்பரும்..." சாவித்ரி முடிக்கவில்லை. ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கிய முந்நூறு அவள் கண்முன்னே நின்றது.

அனிருத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான். "ஆன்ட்டி, நீங்க பின்கிட்ட ரொம்பக் கேக்கறீங்க. பின்னுக்குத் தெரிஞ்சது மெட்டல் ஆடறது. அது எல்லாப் பட்டனுக்கும் ஒண்ணு. அங்கிள் ஆடறது அதுக்கு எப்படித் தெரியும்?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காதுவரை சிவந்துவிட்டான். "ஸாரி அங்கிள்."

"எதுக்குப்பா ஸாரி? நான் இவ்வளவு நன்னா ஆடறேன்னு எனக்கே இப்பதான் தெரியறது" என்றார் பட்டாபிராமன்.

சாவித்ரி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அந்தச் சீப்பின் முதல் பல்லைப் பார்த்தாள். முதல் பல் எப்போதும் இருந்தது. விரல் பட்டனைத் தொட்ட அந்தக் கணம். அப்போதே அவர் கூப்பிட்டாயிற்று. மீதி எல்லாம் கை தானாகப் பேசுவது. விரல் நிற்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. தொட்டவுடன் மணி அடித்துவிட வேண்டும், அடித்த பிறகு கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய வேண்டியது சிப்பின் கால் இல்லை. மேலே ஓடுகிற பெல் புரோகிராம். யார் அழுத்துகிறார், ஏன் அழுத்துகிறார் என்று தெரிந்தது அதற்குத்தான்.

"டீபவுன்ஸ் இருக்கட்டும் அனிருத். முந்நூறு வேண்டாம். ஐம்பதோட நிறுத்திடு. அதுக்கு மேல யாராவது கேட்டா கர்னல் முடியாதுன்னு சொல்லட்டும்."

"நான் அதைத்தானே மேடம் ஒரு மாசமா..."

"தெரியும்ப்பா."

"அப்போ நீங்க ஏன்..." என்று ஆரம்பித்தான் அனிருத். அவன் பார்வை நாற்காலியின் கைப்பிடிக்குப் போயிற்று. கேள்வியை அப்படியே விட்டுவிட்டுக் கம்பிகளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

காபி குடித்துவிட்டு அவன் கிளம்பியபின், சாவித்ரி தரையில் உட்கார்ந்து எழுதினாள். காலுக்குப் பதினைந்து மில்லி செகண்டு, பட்டனின் உலோகத்துக்கு மட்டும். மேலே புரோகிராமில் நாலைந்து வரி. தொட்டால் ஒரு மணி. பிறகு மூன்று செகண்டு காது மூடல். காது திறந்த பிறகும் விரல் பட்டன்மேலேயே ஆடிக்கொண்டிருந்தால், விடாமல் அடி. பாத்திமாவைக் கூப்பிட்டுப் புது ஏற்பாட்டைச் சொன்னாள். ஒன்று அடித்து நின்றால் மெதுவாக வரலாம். நிற்காமல் அடித்தால் ஓடி வர வேண்டும்.

"அப்போ எண்ண வேண்டாம்" என்றாள் பாத்திமா. "நல்லது. எண்ணிக்கிட்டே தைச்சு ஒரு ரவிக்கைக்கு மூணு கை வச்சிருக்கேன்." பிறகு பட்டாபிராமன் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. "பெல்லு அடிக்கலன்னா நீங்க சொகமா இருக்கியன்னு நெனச்சேன் அண்ணே. நடுவுல எட்டிப் பாக்காம இருந்துட்டேன். இனிமே அடிச்சாலும் வருவேன், அடிக்காட்டாலும் வருவேன்."

"அப்போ பெல் எதுக்கு?"

"அது உங்களுக்கு" என்றாள் பாத்திமா.

திங்கட்கிழமை காலை. சாவித்ரி புடவை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, கூடத்தில் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போவதா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் நிச்சயமாகவில்லை. மாத்திரை எடுத்து வைத்தாயிற்றா என்று பார்த்தாள். ஃபேனைக் குறைத்தாள். மறுபடி கூட்டினாள். அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். கீழே வாட்ச்மேன் யாருடனோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எதிர் வீட்டில் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்கு ஒருநாள் வேணா லீவு போட்டுட்டு..." என்றாள்.

பட்டாபிராமன் கையை எடுத்தார். காலை வேளை என்பதால் கை அவ்வளவாகத் தடுமாறவில்லை. பட்டன்மேல் விரலை வைத்து அழுத்தினார்.

எதிர் வீட்டில் ஒரே ஒரு மணி அடித்தது. விரல் பட்டன்மேல் ஆடியது, அவர் எடுத்துக்கொண்டார். இன்னொரு மணி வரவில்லை. மெஷின் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு தையலை முடித்து, நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம். செருப்பைத் தேடுகிற சத்தம். பாத்திமா நிதானமாக, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாள்.

"என்ன அண்ணே, கூப்பிட்டியளா?" சாவித்ரியைப் பார்த்ததும் நின்றாள். "அக்கா, நீங்க இன்னும் போகலியா?"

"ஒரு வாய் தண்ணி குடும்மா" என்றார் பட்டாபிராமன்.

"நான் இங்க முழுசா நின்னுண்டிருக்கேன்" என்றாள் சாவித்ரி. "என்கிட்ட கேக்கப்படாதா?"

"நீ ஆபீஸ் போயாச்சு" என்றார் அவர்.

பாத்திமா சமையலறைக்குள் போனாள். பெரிய டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சாவித்ரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.